உலகத்தின் சி சென்டர்

தமிழ் சினிமா விநியோகஸ்தர்களுக்கு ஊர்கள் மூன்று வகை. சென்னை, கோவை மாதிரி ஊர்கள் ஏ சென்டர். அடுத்த கட்ட ஊர்கள் பி சென்டர். டூரிங் டாக்கீஸும் மண்தரையும் இருந்த ஊர்கள் சி சென்டர். படப்பெட்டி அங்கே போய்ச் சேரும்போது பிரின்ட்டில் விடாமல் மழை பெய்யும், பாதிப் பாட்டு காணாமல் போயிருக்கும். இந்தக் கணக்கு ஹாலிவுட் வரைக்கும் எட்டியிருக்க வேண்டும். 2006இல் ப்ளூ-ரே டிஸ்க் வந்தபோது அவர்களும் உலகத்தை அச்சு அசலாக ஏ, பி, சி என்றே கூறு போட்டார்கள். வட, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, தைவான், தென்கிழக்கு ஆசியா எல்லாம் ஏ. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு, ஆஸ்திரேலியா பி. மிச்சம் மீதி சி. அந்த மிச்சம் மீதியில்தான் இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் வருகின்றன. உலகத்தில் மூன்றில் ஒருவருக்கு மேல் சி சென்டர்க்காரர்.

ஏ என்று குறித்த டிஸ்க்கை சி பிளேயரில் போட்டால் ஓடாது. டிஸ்க் பழுதில்லை, பிளேயர் பழுதில்லை, டிவியும் பழுதில்லை. நீங்கள் பிறந்த இடம்தான் பழுது.

இதற்கு ஒத்திகை டிவிடியிலேயே நடந்துவிட்டது. 1996 நவம்பரில் ஜப்பானிலும் அடுத்த மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தது. வந்த கையோடு உலகத்தை ஆறு வட்டாரமாக அறுத்தார்கள். ஒன்று அமெரிக்காவும் கனடாவும். இரண்டில் ஐரோப்பா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. மூன்றில் சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங். நான்கில் ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும். ஐந்தில் நாம், கூடவே பாகிஸ்தான், இலங்கை, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, மங்கோலியா, வட கொரியா. சீனாவுக்கு மட்டும் தனிக்குடித்தனம், ஆறு.

1947இல் ராட்கிளிஃப் என்ற வெள்ளைக்கார வக்கீல், இந்த நாட்டை அதற்கு முன் கண்ணால் பார்த்திராதவர், ஐந்து வாரத்தில் கோடு கிழித்து நம்மைப் பிரித்துவிட்டுப் போனார். அவர் பிரித்த இந்தியாவையும் பாகிஸ்தானையும் டிவிடிக்காரர்கள் ஒரே எண்ணில் சேர்த்துவைத்தார்கள். இரு நாட்டுத் தலைவர்களாலும் முடியாத காரியம். ஆனால் அதே பேனாவால் தமிழர்களைத் துண்டு துண்டாக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா ஐந்து, லண்டனில் இருக்கும் அண்ணன் இரண்டு, டொராண்டோவில் வாக்கப்பட்ட தங்கை ஒன்று, சிட்னிக்குப் போன தம்பி நான்கு, சிங்கப்பூர்ச் சித்தப்பா மூன்று. ஒரு குடும்பம், ஐந்து பூட்டு. இவர்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்காக விமானம் ஏறினால் பறக்கிற நேரத்துக்கு எட்டாம் எண் ஆகிவிடுவார்கள். விமானத்துக்கும் உல்லாசக் கப்பலுக்கும் என்றே அந்த எண்ணை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். வானத்தைக்கூட விட்டுவைக்கவில்லை.

நம் ஆட்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சபாஷ் போட வேண்டும். லண்டனிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தமிழ்ப்பட டிவிடி போட்டவர்களில் பெரும்பாலோர் இந்தப் பூட்டையே தொடவில்லை. தங்கள் வாடிக்கையாளர் எங்கெங்கே சிதறிக் கிடக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே டிஸ்க், பாரிஸிலும் ஓடியது, பரமக்குடியிலும் ஓடியது. சில டிஸ்க்குகளில் படம் முழுக்க மூலையில் கம்பெனிப் பெயர் மின்னிக்கொண்டே இருந்தது, கதாநாயகி அழும்போது தொலைபேசி எண் ஓடியது, அது வேறு வயிற்றெரிச்சல். ஆனால் ஓடியது.

இனி நான் குடியிருக்கும் தாபோடிக்கு வருவோம். புனேயிலிருந்து லோணாவாளா போகிற லோக்கல் ரயிலில் கட்கி தாண்டினால் முளா ஆற்றுப் பாலம், அதைத் தாண்டினால் எங்கள் ஸ்டேஷன். ஒரு பக்கம் ராணுவப் பொறியியல் கல்லூரியின் முடிவில்லாத மதில், இன்னொரு பக்கம் அரசு பஸ்களைப் பிரித்துப் பூட்டும் பெரிய ஒர்க்‌ஷாப். 2023 ஆகஸ்டிலிருந்து தலைக்கு மேலே மெட்ரோ. இங்கே பழைய படங்களை டிஸ்க்கில் பார்க்கும் கிறுக்கு உள்ளவனுக்கு ஆன்லைன் கடையை விட்டால் வேறு கதி இல்லை. பக்கத்துப் பெரிய ஊரான மும்பையில் காலா கோடாவின் ரிதம் ஹவுஸே 2016இல் ஷட்டரை இறக்கிவிட்டது. முப்பத்துநாலு ரூபாய்க்கு டிவிடி விற்று நாட்டையே டிஸ்க்கால் நிரப்பிய மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. சேரன் 2015இல் ‘ஜேகே எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை ஐம்பது ரூபாய் டிவிடியாக வீட்டுக்கே அனுப்பும் திட்டம் போட்டார். அதுவும் நிலைக்கவில்லை. ஆக, கடை என்றால் இன்று அது செல்போனுக்குள் இருப்பதுதான்.

அந்தக் கடையில் எல்லா விவரமும் கொடுத்திருப்பார்கள். டிஸ்க்கின் எடை எத்தனை கிராம், அட்டைப்பெட்டியின் நீளம் அகலம் எத்தனை சென்டிமீட்டர், எந்த நாட்டில் தயாரானது, புகார் என்றால் எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும். எந்த வட்டாரம் என்ற ஒன்று மட்டும் இருக்காது. இருந்தால் ‘எல்லா வட்டாரமும்’ என்று இருக்கும். நம்பி வாங்கினேன். டிஸ்க்கின் விலை, அதன் மேல் அனுப்புகிற செலவு, அதன் மேல் சுங்க வரி, வரியின் மேல் வரி. கடைசியில் பெட்டி வந்தது. பின்அட்டையில், பார்கோடுக்குப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில் ஒரு குட்டிப் பூமிப்பந்து. அதன் வயிற்றில் ‘1’.

பிளேயரில் போட்டேன். தட்டு உள்ளே போனது, உள்ளே ஏதோ யோசித்தது, டிவி கறுத்தது, நடுவில் ஒரு வரி வந்தது: இந்த டிஸ்க்கை உங்கள் வட்டாரத்தில் இயக்க அனுமதி இல்லை. தட்டு தானாக வெளியே வந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

கடைக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது, அதில் மட்டும் குறை சொல்ல முடியாது. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். பிரிக்கப்பட்ட டிஸ்க்கைத் திரும்பப் பெற இயலாது.’ பிரிக்காமல் ஓடுமா ஓடாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்றார்கள். அந்தப் பக்கம் இருந்தது மனிதரா இயந்திரமா என்று கேட்கலாமென்று நினைத்தேன். அதற்கும் வருந்துவார்கள் என்று விட்டுவிட்டேன்.

புதவார் பேட்டையில் தாப்கீர் கல்லி என்று ஒரு சந்து. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ புனேக்கு அது. ஒயர், ரிமோட், ஸ்பீக்கர், செத்துப்போன எல்லாச் சாதனங்களின் உறுப்புகளும் அங்கே கிடைக்கும். பிளேயரைத் தூக்கிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த பையன் ஸ்க்ரூடிரைவரை வாயில் கவ்வியபடி கேட்டான்.

“என்ன அண்ணா, படிக்க மாட்டேங்குதா?” தென்னிந்திய முகம் யாராயிருந்தாலும் இங்கே அண்ணாதான்.

“படிக்குது பாவூ. படிச்சுட்டு, நீ இந்த ஊர்க்காரன், உனக்குக் காட்ட மாட்டேன்னு சொல்லுது.”

அவன் சிரிக்கவில்லை. இந்த வியாதி அவனுக்குப் பழக்கம். “டிவிடி பிளேயர்னா ரிமோட்லயே நாலு பட்டனைத் தட்டி ஓட வெச்சுடலாம் அண்ணா. இது ப்ளூ-ரே பிளேயர். போர்டுல கை வைக்கணும், கெட்டுப் போனா நான் பொறுப்பில்ல.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “எதுக்கு இவ்வளவு கஷ்டம்? எந்தப் படம்னு சொல்லுங்க. பென் டிரைவ்ல போட்டுத் தர்றேன். எதுல வேணா ஓடும்.”

எதில் வேண்டுமானாலும் ஓடும். காசு கொடுத்து, வரி கட்டி, ரசீது வாங்கி, காத்திருந்து வாங்கியது ஓடாது, திருடியது ஓடும். பர்மா பஜாரில் பிளாட்பாரத்தில் விரித்து விற்ற டிஸ்க்கில் வட்டாரப் பூட்டு இருந்ததாக யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? திருட்டு விசிடி விற்றவரைக் குண்டர் சட்டத்தில் உள்ளே போடத் தமிழ்நாடு அரசு 2004இல் சட்டத்தையே திருத்தியது. சாராயம் காய்ச்சுகிறவர், போதைப்பொருள் விற்கிறவர், நிலம் பிடுங்குகிறவர் வரிசையில் விசிடிக்காரரும் சேர்ந்தார். நல்லது. ஆனால் நேர்மையாக வாங்கியவனை வாசலில் நிறுத்தி முகத்தில் அடிப்பவரை உள்ளே போட எந்தச் சட்டத்தை யார் திருத்தினார்கள்? அசல் டிஸ்க்கைப் போட்டால் முதலில் ஓடுவதே ‘திருடாதே’ என்ற விளம்பரம். அதைத் தாண்டிப் போகவும் முடியாது, ரிமோட் வேலை செய்யாது. வாங்கியவனுக்குத்தான் அந்த உபதேசம். திருடியவன் அதை வெட்டிவிட்டு நேராகப் படத்துக்குப் போய்விடுகிறான்.

கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். 2000இலிருந்து வந்த டிவிடி டிரைவ்களில் வட்டாரத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம். ஐந்தாவது தடவை எதில் நிற்கிறதோ அதிலேயே ஆயுள் முழுக்க. நம் நாட்டில் கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது, அதை எத்தனை எம்.எல்.ஏ.க்கள் எத்தனை ரிசார்ட்டுகளில் தங்கி ஏமாற்றினார்கள் என்பது ஊருக்கே தெரியும். மகாராஷ்டிரத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அத்தனை சுலபமாக ஏமாற்ற முடியாத ஒரே தாவல் தடை, பிளாஸ்டிக் டிரைவுக்குள் இருப்பதுதான்.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்குக்காரனின் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கே அப்படித்தான் தோன்றியிருக்கும், ‘கல்பனா’வின் கதை தெரிந்திராவிட்டால்.

உதய் சங்கர் இயக்கிய ஒரே படம் ‘கல்பனா’. 1948இல் வெளிவந்தது. எடுத்த இடம் எது? சென்னை, ஜெமினி ஸ்டுடியோ. வாசனின் ஜெமினி, ‘சந்திரலேகா’ எடுத்த அதே ஜெமினி. பத்மினி முதன்முதலில் திரையில் ஆடியது இந்தப் படத்தில். படம் வசூலாகவில்லை. காலம் போனது, ஜெமினி போனது, அந்த இடத்தில் நட்சத்திர ஓட்டல் வந்தது, மேம்பாலத்துக்கு மட்டும் பெயர் மிஞ்சியது. ஆனால் படத்தின் பிரதி ஒன்று பிழைத்துக் கிடந்தது. எங்கே? புனேயில், சட்டக் கல்லூரிச் சாலையில், 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில். என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்தால் போகிற தூரம்.

அந்தப் பிரதியிலிருந்துதான் மார்ட்டின் ஸ்கார்செஸி தொடங்கிய உலக சினிமா அறக்கட்டளை, இத்தாலியில் போலோன்யா ஊரில் இருக்கும் ஆய்வகத்தில் படத்தை மீட்டெடுத்தது. 2012இல் கான் விழாவில் திரையிட்டார்கள். படத்தில் ஆடிய அமலா சங்கர் தொண்ணூறு தாண்டிய வயதில் நேரில் போய்ப் பார்த்தார். கண்ணில் நீர் வரவேண்டிய செய்தி. ஸ்கார்செஸிக்குக் கைகூப்ப வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. பத்து வருடம் கழித்து, 2022இல், அமெரிக்காவின் கிரைட்டீரியன் வெளியிட்ட உலக சினிமாத் தொகுப்பின் நான்காம் பெட்டியில் ‘கல்பனா’ டிஸ்க்காக வந்தது. ப்ளூ-ரே ஏ. டிவிடி ஒன்று.

அதாவது, சென்னையில் எடுத்த படம், சென்னைப் பிளேயரில் ஓடாது. புனேயில் காத்து வைத்திருந்த படம், புனேப் பிளேயரில் ஓடாது. அரிசியையும் உலையையும் நீங்கள் கொடுத்து, விறகையும் உங்கள் கொல்லையிலிருந்தே எடுத்து, சமைத்த சோற்றை எதிர்வீட்டுத் திண்ணையில் வைத்து உங்களைத் தவிர எல்லோருக்கும் பரிமாறுகிற பந்தி இது.

‘கல்பனா’ மட்டும் என்றால் விதிவிலக்கு என்று சொல்லலாம். சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்கள் மூன்றின் மூல நெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகத் தீயில் கருகின. கருகியதைக்கூட விடாமல் போலோன்யாவில் துண்டு துண்டாக ஒட்டி மீட்டார்கள். 2015இல் டிஸ்க் வந்தது. அதிலும் ஏ. அவருடைய ‘ஜல்சாகர்’? ஏ. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் போரால் கிராமத்து மழையில் எடுத்த ‘பதேர் பாஞ்சாலி’, வங்காளத்து வீட்டில் ஓடாது, வெர்மான்ட்டில் ஓடும்.

இந்தத் தாபோடிக்கு இது புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய் கவர்னரின் மாளிகை ஒன்று இங்கே இருந்தது, கூடவே அரசாங்கத் தாவரத் தோட்டமும். அந்த நூற்றாண்டின் நடுவில் அலெக்சாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவருக்காக ஓர் இந்திய ஓவியர் இங்கிருந்த செடிகளை வரைந்தார். ஓவியரின் பெயர் எழுதி வைக்கப்படவில்லை. கிப்சனின் பெயர் இருக்கிறது. ஓவியங்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு, எங்கள் தாபோடியின் பெயராலேயே, ‘தாபுரி ஓவியங்கள்’ என்று பெயர். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பொருளை எடுத்துப்போவது அன்றைய ஏற்பாடு. இன்று பொருளையும் காசுக்கு அனுப்பிவைக்கிறார்கள், திறக்க முடியாதபடி. முன்னேற்றம்தானே.

பூட்டு ஏன் என்று கேட்டால் ஒரு பழைய விளக்கம் வைத்திருக்கிறார்கள். படம் முதலில் அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடும், பல மாதம் கழித்து மற்ற நாடுகளுக்குப் போகும், அதற்குள் அமெரிக்க டிஸ்க் அங்கே வந்துவிட்டால் தியேட்டர் வசூல் கெடும். 1997இல் இது ஒரு நியாயமாகவாவது காதில் விழுந்திருக்கும். இன்று பெரிய ஹாலிவுட் படம் நியூயார்க்கிலும் நாகர்கோவிலிலும் ஒரே வாரத்தில் ரிலீசாகிறது, சில படங்கள் இங்கே ஒரு நாள் முன்னாலேயே. சரி, புதுப்படத்தை விடுங்கள். 1948இல் வந்து, அப்போதே ஓடாமல் போன ஒரு கறுப்பு வெள்ளை நடனப் படத்துக்கு எந்த ஊர்த் தியேட்டரின் எந்த ஷோ வசூலைக் காப்பாற்ற இந்தப் பூட்டு?

அடுத்த விளக்கம் உரிமை. ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமையைத் தனித்தனியாக விற்கிறோம், இந்தியாவில் வாங்கியவர் நஷ்டப்படக் கூடாதே என்பார்கள். நல்ல கரிசனம். அந்த இந்திய வியாபாரி இதே டிஸ்க்கை இங்கே எந்தக் கடையில் விற்கிறார்? யாரும் குடியில்லாத வீட்டுக்கு வாட்ச்மேன் போட்டு, குடிவர நினைப்பவனை அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 4கே டிஸ்க் என்று அடுத்த தலைமுறை வந்ததே, அதில் வட்டாரப் பூட்டே கிடையாது. பூட்டில்லாமலும் உலகம் சுற்றுகிறது, கம்பெனிகள் திவாலாகவில்லை. அப்படியானால் பழைய படங்களின் மேல் இன்னும் தொங்குவது என்ன? பழக்கம். அதிகாரத்தின் பழக்கம்.

ராஜாவையே இந்தப் பூட்டு விட்டதில்லை. 2009 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் வாஷிங்டன் போனார். அதிபர் ஒபாமா அவருக்கு அமெரிக்கத் திரைப்படங்கள் இருபத்தைந்தை டிவிடியாகப் பரிசளித்தார். பிரவுன் டவுனிங் தெருவுக்குத் திரும்பி ஒன்றைப் போட்டுப் பார்க்க, வட்டாரம் தவறு என்று திரையில் வந்ததாக லண்டன் பத்திரிகைகள் எழுதிச் சிரித்தன. அணுகுண்டு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் ஒரு டிஸ்க் போகமுடியவில்லை. நாம் எந்த மூலை?

நாம் எந்த மூலை என்பதற்கு அடுத்த மாதமே பதில் கிடைத்தது. டெல்லியில் ‘சினிமா பாரடைசோ’ என்ற பெயரில் வாடகை டிஸ்க் கடை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடிகளைக் கொண்டுவந்து வாடகைக்கு விட்டது. வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. 2009 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், வேறு வட்டாரத்துக்கென்று விற்றதை இங்கே கொண்டுவந்து வாடகைக்கு விடுவது பதிப்புரிமை மீறல் என்று தடை விதித்தது. திருட்டுப் பிரதி ஒன்றுகூட இல்லாத கடை. திருட்டுப் பிரதியை மட்டுமே வைத்து, கண்ணெதிரே, பிளாட்பாரம் பிளாட்பாரமாக வியாபாரம் நடந்த நாட்டில், சட்டத்தின் கைக்குச் சரியாகச் சிக்கியது அசல் டிஸ்க் வைத்திருந்த கடை.

பின்னால் பாராளுமன்றத்துக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 2010இல் வந்த பதிப்புரிமைத் திருத்த மசோதாவில், வெளிநாட்டில் முறையாக விற்ற அசல் பிரதியை இங்கே இறக்குமதி செய்வது குற்றமாகாது என்று ஒரு வரி இருந்தது. நிலைக்குழுவும் அந்த வரி இருக்கட்டும் என்றது. பதிப்பகத்தார் கூச்சல் போட்டார்கள். 2012இல் சட்டம் நிறைவேறியபோது அந்த வரி மாயம். அதே சட்டத்தில் 65ஏ என்ற புதுப் பிரிவு மட்டும் முளைத்திருந்தது: உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. இன்னொரு வேடிக்கை, பழைய 51ஆம் பிரிவில் ஒரு விலக்கு இன்னமும் உயிரோடு இருக்கிறது. ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காக எந்தப் படைப்பிலும் ஒரே ஒரு பிரதியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம். சட்டம் வரவழைக்க விடுகிறது. சுங்கம் வரி வாங்கிக்கொள்கிறது. பார்க்க முடியுமா என்பது இருவர் இலாகாவிலும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் இது ஒருவர் இலாகாவில் இருந்தது. அங்கே போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2000இலேயே திரைப்படக் கம்பெனிகளைக் கூப்பிட்டு, எங்கள் ஜனங்களை ஏன் அதிக விலைக்கும் குறைந்த தேர்வுக்கும் தள்ளுகிறீர்கள் என்று கேட்டது. 2006இல் சட்டத்தைத் திருத்தியபோது, சந்தையைப் பூகோளவாரியாகப் பிரிப்பதற்காகப் போடும் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று எழுதிவைத்தார்கள். நியூசிலாந்தும் 2008இல் அப்படியே செய்தது. ஆட்டு மந்தை மனிதர்களைவிட அதிகமாக இருக்கிற குட்டி நாடு. நார்வேயில், டிவிடிப் பூட்டை உடைக்கும் நிரலோடு 1999இல் பெயர் அடிபட்ட பதினைந்து வயதுப் பையன் யோன் யோஹான்சனை வழக்கில் இழுத்தார்கள். 2003இல் இரண்டு நீதிமன்றங்களும், தான் வாங்கிய படத்தைத் தான் பார்ப்பதற்கு என்ன குற்றம் என்று விடுதலை செய்துவிட்டன. இங்கே? வருடத்துக்கு எல்லா நாட்டையும்விட அதிகப் படம் எடுக்கிறோம் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற மந்திரிகளுக்கு, அந்தப் படங்களில் எது எந்த நாட்டில் எந்த எண்ணுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது என்று தெரியுமா? 2022இல் ஆவணக் காப்பகத்தைத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்தார்கள். அதே வருடம் முந்நூற்று அறுபத்துமூன்று கோடி ரூபாயில் 2,200 படங்களை மீட்கப்போவதாக அறிவித்தார்கள். உலகத்திலேயே பெரிய மீட்புத் திட்டம் என்றார்கள். மீட்கட்டும். மீட்டதைக் குடிமகன் கையில் கொடுப்பது எப்படி, எந்தக் கடையில், என்ன விலைக்கு? கேட்டால் விழாவில் திரையிடுவோம் என்பார்கள். விழாவுக்குப் பாஸ் வேண்டும்.

டிஸ்க் செத்த தொழில்நுட்பம், இதற்கு இத்தனை கோபமா என்று ஓடிடி தலைமுறை கேட்கும். பிள்ளைகளே, உங்கள் ஓடிடியில் ‘இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறதே, அது இந்தப் பூமிப்பந்தின் பேரன். தாத்தாவாவது டிஸ்க்கை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டினார். பேரன் கையிலேயே தருவதில்லை. 2023 டிசம்பரில் சோனி, காசு கொடுத்து ‘வாங்கிய’ டிஸ்கவரி நிகழ்ச்சிகளையெல்லாம் பிளேஸ்டேஷன்காரர்களின் கணக்கிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தது. கூச்சல் கிளம்பியதும் பின்வாங்கியது. கூச்சல் போட ஆள் இருந்ததால் பிழைத்தார்கள்.

ஆகவே நானும் கொஞ்சம் கூச்சல் போட்டுவைக்கிறேன், எழுத்து மூலம். தாபோடியில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில், நான் காசு கொடுத்து வாங்கிய ஒன்றாம் எண் டிவிடியை, எந்த எண்ணையும் மதிக்காத ஓர் இலவச மென்பொருளின் உதவியால், பழைய கணினி ஒன்றில் முழுசாகப் பார்த்துவிட்டேன். யாருடைய உரிமையையும் மீறும் நோக்கம் எனக்கு இல்லை. இருந்ததாக நினைக்கிறவர்கள் 65ஏ பிரிவோடு தாராளமாக வரலாம், பிம்ப்ரி-சிஞ்ச்வட் போலீஸும் கூட வரட்டும். டிஸ்க்கைப் பறிமுதல் செய்து, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளாகக் கொடுக்கட்டும். அதில் என்ன படம் இருக்கிறது என்று நீதிபதிக்குக் காட்ட வேண்டுமே. நீதிமன்றத்துப் பிளேயரும் ஐந்தாம் எண்ணாகத்தான் இருக்கும். குற்றத்தை நிரூபிக்க அரசுத் தரப்பு முதலில் அந்தப் பூட்டை உடைத்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டுமென்றால் தாப்கீர் கல்லியில் ஒரு பையன் இருக்கிறான், முகவரி நானே தருகிறேன்.